வாசிப்புக் கண்ணாடியும் வளரும் கண்ணும்

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வராமல் தடுக்க வேண்டுமானால், நாற்பது வயதைக் கடந்தவர்கள் வெள்ளெழுத்துக்காக அணிகின்ற அதே குவிவில்லைக் கண்ணாடியைப் படிக்கும் நேரத்தில் அவர்களுக்கும் மாட்டிவிட்டால் போதும் என்று ஒரு கட்சியார் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். கிட்டப்பார்வை தாய் தந்தையர் வழியாக வருகின்ற பரம்பரைக் குணம், அதைத் தடுக்க மார்க்கமில்லை, வந்தபின் மைனஸ் பவர் கண்ணாடியை எழுதிக் கொடுப்பதோடு வைத்தியருடைய கடமை முடிந்தது என்று மற்றொரு கட்சியார் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் சொல்லி வந்தார்கள். வருஷத்துக்கு வருஷம் பிள்ளையின் கண்ணாடி பவர் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு கலங்கி நிற்கும் பெற்றோருக்கு, இவ்விரண்டில் எதை நம்புவது என்பது ஏட்டளவிலான விவாதமன்று. அது அவர்கள் வீட்டு விவகாரம். ஆகையால் என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிப்புக் கண்ணாடிக்காக வாதிட்டவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது, அதை அலட்சியம் செய்தது வைத்திய உலகத்தின் பிழை. ஆனால் அவர்கள் நீட்டிய கண்ணாடி பரிசோதனையில் தேறவில்லை, அதைத் தேறியதாகச் சொல்லிப் பெற்றோரிடம் கொண்டு சேர்ப்பது தர்மமாகாது.

நெருங்கிப் பார்க்கும் பழக்கத்துக்கும் கிட்டப்பார்வைக்கும் சம்பந்தம் உண்டென்ற எண்ணம் மிகப் பழையது. விழித்திரையின்மேல் பிம்பம் விழுவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதை விளக்கிய வானசாஸ்திரி கெப்ளர், 1611-ல் வெளியான தமது ஒளியியல் நூலிலேயே, இளமை முதல் ஏட்டிலும் நுண்ணிய வேலையிலும் கண்ணைப் பதித்திருப்போர் அருகிலுள்ளதைக் காண்பதற்கே பழகிப்போகிறார்கள் என்று கருதினார். 1813-ல் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் ஜேம்ஸ் வேர் என்ற கண் வைத்தியர் எழுதிய கட்டுரை, ஆக்ஸ்போர்டின் ஒரு கல்லூரியில் 127 மாணவர்களில் 32 பேர் கண்ணாடியை நாடியதையும், பெரும்பாலும் எழுத்தறியாத காலாட்படை வீரர்களிடையே அக்குறை மிக அபூர்வமாக இருந்ததையும் அருகருகே வைத்துக் காட்டியது. பிறகு 1867-ல், அன்று ஜெர்மானிய நகரமாயிருந்த பிரெஸ்லாவில், ஹெர்மன் கோன் என்பவர் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் கண்களைச் சோதித்து, கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4 ஆக இருந்த கிட்டப்பார்வை, வகுப்பும் படிப்பும் உயர உயர ஏறி, உயர்தரப் பள்ளிகளில் நூற்றுக்கு 26 ஆகிவிடுகிறது என்று கண்டார். கோன் எண்ணிக்கையோடு நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடங்களின் பெஞ்சும் மேஜையும் ஜன்னலும் சீர்திருத்தப்பட வேண்டும், வகுப்பறைக்குள் பகல் வெளிச்சம் தாராளமாக வர வேண்டும் என்று ஆயுள் முழுவதும் போராடினார். அந்தக் குரலை உலகம் மறந்தது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் காற்று திசை மாறிற்று. பரம்பரைவாதம் தலைதூக்கியது, கண்ணின் நீளமும் மூக்கின் நீளத்தைப் போலப் பிறவியிலேயே நிர்ணயமானது என்று பாடப் புத்தகங்கள் கற்பித்தன. ஆனால் 1969-ல் வெளியான ஆராய்ச்சிக்காக, அலாஸ்காவின் வடகோடியில் அன்று பாரோ எனப்பட்ட ஊரில் எஸ்கிமோக் குடும்பங்களைச் சோதித்தபோது, பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத பாட்டன் பாட்டியரிடம் அரிதாயிருந்த கிட்டப்பார்வை, பள்ளிக்குச் சென்ற பேரப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பற்றியிருந்தது. இரண்டு தலைமுறைக்குள் ஒரு ஜனசமூகத்தின் ரத்தம் மாறிவிடாது. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று இதற்கு அர்த்தமன்று; பெற்றோர் இருவருக்கும் கிட்டப்பார்வை இருந்தால் பிள்ளைக்கு வருவதற்கான சாத்தியம் அதிகம் என்பது மெய்தான். ஆனால் பரம்பரை மட்டுமே காரணம் என்ற வாதம் அன்றைக்கே ஆட்டங்கண்டிருக்க வேண்டும்.

இத்தகைய சூழ்நிலையில்தான் வாசிப்புக் கண்ணாடிக் கட்சியார் தங்கள் வாதத்தை முன்வைத்தார்கள். அதன் தர்க்கத்தை நிதானமாகக் கவனிப்பது நியாயம். தூரத்தைப் பார்க்கையில் கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை தளர்ந்து தட்டையாயிருக்கிறது. 33 சென்டிமீட்டர் தூரத்தில் புத்தகத்தைப் பிடித்துப் படிக்கையில், உள்ளிருக்கும் தசை சுருங்கி, வில்லை புடைத்து, ஏறக்குறைய 3 டயாப்டர் (கண்ணாடிப் பவரை அளக்கும் அலகு) அளவுக்குத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிளஸ் 2 பவருள்ள குவிவில்லையைக் கண்ணுக்கு முன் வைத்துவிட்டால், அந்தப் பிரயத்தனம் 1 டயாப்டராகக் குறைந்துவிடுகிறது. மணிக்கணக்கில் ஓயாமல் செய்யும் இப்பிரயத்தனமே வளரும் கண்ணைக் கெடுக்கிறதென்றால், ஐம்பது நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடியால் அதைத் தடுத்துவிடலாமே என்று தோன்றுவது இயற்கை. மைனஸ் பவர் கண்ணாடியோ இதற்கு நேர் விரோதமாக வேலை செய்கிறது. தூரத்துக்கென்று எழுதிக் கொடுத்ததைப் படிக்கும்போதும் அணிந்திருந்தால் அருகிலுள்ளதைப் பார்க்கும் பிரயத்தனம் கூடுகிறது. ஆகவே வைத்தியர் கொடுக்கும் கண்ணாடியே நோயை வளர்க்கிறது என்பது அவர்களுடைய இரண்டாவது குற்றச்சாட்டு.

கேட்பதற்குப் பொருத்தமாயிருக்கும் இந்தத் தர்க்கத்துக்கு, அதை முதலில் சொன்னவர்களே எதிர்பார்த்திராத ஓர் இடத்திலிருந்து பலம் வந்து சேர்ந்தது. மனிதக் கண் பிறக்கும்போது சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். முழு வளர்ச்சி பெற்றபின் சுமார் 24 மில்லிமீட்டர். இந்த வளர்ச்சியில் ஒரு மில்லிமீட்டர் மிகுந்துபோனால் 2.5 முதல் 3 டயாப்டர் வரை கிட்டப்பார்வை வந்துவிடும். இவ்வளவு நுட்பமான அளவில் வளர்ச்சியை எது நிறுத்துகிறது? 1977-ல் டார்ஸ்டென் வீசல், எலியோ ரவியோலா என்ற இரு விஞ்ஞானிகள், இமை தைத்து மூடப்பட்ட குரங்குக் குட்டியின் கண் அளவுக்கு மிஞ்சி நீண்டுபோவதை வெளியிட்டார்கள். அதன்பின் கோழிக்குஞ்சுகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகளைப் படிக்கப் படிக்க இயற்கையின் ஏற்பாட்டைக் கண்டு எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குஞ்சின் கண்ணுக்கு முன் மைனஸ் வில்லையை மாட்டினால், பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போய் விழுகிறது. கண் அதை எட்டிப் பிடிப்பதற்காகத் தன்னை நீட்டிக்கொள்கிறது. பிளஸ் வில்லையை மாட்டினால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது. கண் தன் வளர்ச்சியை மட்டுப்படுத்திக்கொள்கிறது. 1988-ல் ஷேஃபெல் முதலானோர் இதை வில்லைகளைக் கொண்டே நிரூபித்தார்கள். மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பை அறுத்துவிட்ட பின்னும் கண் இவ்வாறே நடந்துகொள்கிறது. நியூயார்க்கின் ஜாஷ் வால்மன், கண்ணின் ஒரு பாதிக்கு மட்டும் தெளிவான காட்சியை மறைத்தபோது, அந்தப் பாதி மட்டும் நீண்டது. அதாவது பிம்பம் முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்பதை மூளையின் உத்தரவுக்குக் காத்திராமல் விழித்திரையே, அதுவும் இடத்துக்கு இடம் தனித்தனியாக, உணர்ந்து வளர்ச்சியைச் செலுத்துகிறது. போதாக்குறைக்கு, நாள் முழுவதும் மைனஸ் வில்லை அணிந்திருந்த குஞ்சுக்கு இடையிடையே சில நிமிஷ நேரம் பிளஸ் வில்லையை அணிவித்தாலே அதன் பலன் மேலோங்கிவிடுகிறது என்பதும் தெரியவந்தது. வில்லையால் கண்ணின் வளர்ச்சியை மாற்றலாம் என்று சொன்னவர்களைப் பித்தர்கள் என்று ஒதுக்கியவர்கள், இதற்குப்பின் வாய் திறக்க நியாயமில்லை.

ஆனால் கோழிக்குஞ்சுக்குப் பலித்தது குழந்தைக்கும் பலிக்குமா என்பதைக் குழந்தைகளிடமே பார்க்க வேண்டும், பார்த்தார்கள். 1989-ல் பின்லாந்தின் பார்சினென் என்ற வைத்தியர் 240 பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர் எந்நேரமும் மைனஸ் கண்ணாடி அணியவும், ஒரு பிரிவினர் தூரத்துக்கு மட்டும் அணிந்து படிக்கும்போது கழற்றிவிடவும், மூன்றாம் பிரிவினர் கீழ்ப்பாதியில் பிளஸ் சேர்ந்த பைஃபோகல் அணியவும் செய்து, மூன்று வருஷம் கவனித்து வெளியிட்ட முடிவில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. அடுத்து அமெரிக்காவில் பாஸ்டன், ஹூஸ்டன், பிலடெல்பியா, பர்மிங்ஹாம் ஆகிய நான்கு நகரங்களில், 6 முதல் 11 வயது வரையுள்ள 469 குழந்தைகளிடம் காமெட் என்ற பெயரில் பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. ஒரு பாதியினருக்குச் சாதாரணக் கண்ணாடி. மறுபாதியினருக்குக் கீழே செல்லச் செல்லப் பிளஸ் 2 வரை கூடுகின்ற புரோகிரஸிவ் கண்ணாடி. யாருக்கு எது என்பது குழந்தைக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. 2003-ல் வெளியான முடிவின்படி, மூன்று வருஷத்தில் சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களுக்கு 1.48 டயாப்டர் ஏறியிருந்தது, மற்றவர்களுக்கு 1.28. வித்தியாசம் 0.20. கண்ணாடிக் கடையில் பவர் எழுதும்போது கால் டயாப்டருக்குக் கீழ்ப்பட்ட அளவு எழுதப்படுவதில்லை; அந்தக் காலைக்கூட இது எட்டவில்லை. இந்தச் சிகிச்சையால் அதிகப் பயன் பெறக்கூடியவர்கள் என்று கருதப்பட்ட குழந்தைகளை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடியும் சோதித்தபோது கிடைத்ததும் 0.28 தான். கனடாவில் வாழும் சீனக் குழந்தைகளிடம் 2014-ல் வெளியான ஆராய்ச்சியில் பைஃபோகலுக்கு இதைவிட நல்ல பலன் தெரிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அங்கே மூன்று வருஷத்தில் சாதாரணக் கண்ணாடிக்காரர்களுக்கு 2.06 டயாப்டரும், பைஃபோகல் அணிந்தவர்களுக்கு 1.25 டயாப்டரும் ஏறியிருந்தன. ஆயினும் அக்குழந்தைகள் மிக வேகமாகப் பவர் ஏறுகிறவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்; ஆகவே அந்த முடிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்திச் சொல்ல முடியாது.

அப்படியானால் குஞ்சிடம் கண்ட உண்மை பொய்யா? அன்று. ஹூஸ்டனில் ஏர்ல் ஸ்மித் என்பவர் குரங்குகளிடம் செய்த ஆராய்ச்சி இதற்கு விடையளித்தது. கூர்மையான பார்வைக்கு ஆதாரமான விழித்திரையின் நடுப்புள்ளியை லேசரால் அழித்துவிட்ட பின்னரும் அக்குரங்குகளின் கண் வில்லைக்கேற்ப வளர்ந்தது. கண்ணின் வளர்ச்சியைச் செலுத்துவதில் நாம் பார்க்க உபயோகிக்கின்ற நடுவிடத்தைவிட அதைச் சுற்றியுள்ள விசாலமான வெளிவட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. கீழ்ப்பாதியில் மட்டும் பிளஸ் சேர்த்த கண்ணாடி அந்த வட்டத்தின் ஒரு பக்கத்துக்கு மாத்திரமே செய்தி சொல்லிற்று. இதை உணர்ந்து ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தார் ஒரு புதிய வில்லையை வடித்தார்கள். நடுவில் 9 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தூரப்பார்வைக்கு வேண்டிய மைனஸ் பவர், அதைச் சுற்றிலும் பிளஸ் 3.50 கூட்டிய நூற்றுக்கணக்கான பொடி வில்லைகள். 2020-ல் அவர்கள் வெளியிட்டபடி, இரண்டு வருஷத்தில் சாதாரணக் கண்ணாடிக்கு 0.85 டயாப்டர் ஏறியபோது, இதை அணிந்த பிள்ளைகளுக்கு 0.41 தான் ஏறியது, பாதிக்குப் பாதி. வாசிப்புக் கண்ணாடிக் கட்சியார் மனத்தை விசாலமாக்கிக்கொண்டு பார்த்தால், தாங்கள் வாதாடிய பிளஸ் வில்லைதான் அந்தப் பொடி வில்லைகளில் வெற்றி பெற்றிருக்கிறது என்பதை உணர்வார்கள்.

அவர்களில் சிலர், கண்ணாடி வியாபாரிகளும் வைத்தியர்களும் கூடி இந்த உண்மையை மூடி மறைக்கிறார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கோபத்தின் வேரை நான் புரிந்துகொள்கிறேன். அரை நூற்றாண்டுக் காலம் அவர்களுடைய கேள்விக்கு மரியாதையான பதில் கிடைக்கவில்லை. ஆனால் காமெட் பரிசோதனைக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் தேசியக் கண் நிலையம். பிளஸ் வில்லையின் தத்துவத்தை மறைப்பது வியாபாரிகளின் நோக்கமாயிருந்தால், இன்று அதே தத்துவத்தை வில்லையில் பதித்துச் சாதாரணக் கண்ணாடியைப்போலப் பல மடங்கு விலைக்கு அவர்கள் விற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த விலைதான் உண்மையில் கோபப்பட வேண்டிய விஷயம். பிள்ளையின் கண் வளர வளர வருஷந்தோறும் மாற்ற வேண்டிய ஒரு கண்ணாடிக்குக் கூலிக்காரக் குடும்பம் எங்கே போகும்? பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வழங்குகின்ற நல்ல வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்ட நம் அரசு, இத்தகைய வில்லைகளையும் அதற்குள் கொண்டுவர முடியுமா என்று இப்போதே ஆராயத் தொடங்க வேண்டும்.

இன்னும் கடுமையாக நான் எதிர்ப்பது ஒன்றுண்டு. மைனஸ் கண்ணாடி கெடுதல் என்று நம்பி, ஏற்கனவே கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளைக்குக் கண்ணாடியே வாங்கித் தராமல் விடுகிறார்கள், அல்லது பவரைக் குறைத்து வாங்கிக் கொடுக்கிறார்கள் சிலர். மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் இதையும் சோதித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். பவர் குறைத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்கு இரண்டு வருஷத்தில் 1 டயாப்டர் ஏறிற்று. முழுப் பவர் அணிந்தவர்களுக்கு 0.77. குறைத்ததால் தீமையே விளைந்தது. நோய் ஏறுவது ஒருபுறமிருக்க, கரும்பலகை தெரியாத பிள்ளை படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். எழுத்து தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதி, அதற்கும் அடி வாங்கி, தனக்குப் படிப்பு வராது என்று தானே முடிவு கட்டிக்கொள்கின்ற பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிகளில் உண்டு. மூக்குக் கண்ணாடி போட்டால் பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சிக் கண் சோதனைக்கே அழைத்துப் போகாத பெற்றோரும் உண்டு. அவர்கள் கையில் இந்தச் சித்தாந்தம் ஒரு சாக்காகப் போய்ச் சேருமானால் அந்தப் பாவம் அதைப் பரப்பியவர்களையே சாரும்.

வாசிப்புக் கண்ணாடிக் கட்சியாரிடம் எஞ்சியிருக்கும் நியாயமான ஆட்சேபம் ஒன்று: இப்பரிசோதனைகள் எல்லாம் கிட்டப்பார்வை வந்துவிட்ட குழந்தைகளிடம் நடந்தவை, நாங்கள் சொல்வதோ வருமுன் காப்பதைப் பற்றி என்கிறார்கள். வருமுன் காக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவர்களுக்கும் பேதமில்லை. பவர் மைனஸ் 6-ஐத் தாண்டிய கண்ணுக்கு விழித்திரை விலகுதலும், கண் நீர் அழுத்த நோயும், நடு விழித்திரைச் சிதைவும் பிற்காலத்தில் வரக்கூடும். எத்தனை சிறு வயதில் தொடங்குகிறதோ அத்தனைக்கு அந்த எல்லையைத் தொடும் அபாயம் கூடும். 2050-க்குள் உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016-ல் வெளியான கணிப்பு கூறுகிறது. ஆனால் வருமுன் காக்கும் வழிகளில் பரிசோதித்துப் பலன் காணப்பட்டவை வேறு. ஹாங்காங்கில் 4 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 0.05 சதவீத அட்ரோபின் சொட்டு மருந்தை இரவுதோறும் விட்டு, 2023-ல் வெளியிட்ட முடிவில், வெறும் சொட்டு விட்டவர்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் கிட்டப்பார்வை வந்திருக்க, மருந்து விட்டவர்களில் 28 பேருக்கே வந்திருந்தது. இது வைத்தியர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. மற்றொரு வழிக்கு மருந்துக் கடையும் வேண்டாம், கண்ணாடிக் கடையும் வேண்டாம்.

2008-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சத்துப் பிள்ளைகளை, ஆறேழு வயதுக்காரர்களை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்கு. வம்சம் ஒன்று, சிட்னிப் பிள்ளைகள் படித்ததும் குறைவன்று. ஆனால் சிட்னியில் அவர்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெட்டவெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 3 மணி நேரம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கச் செய்து கண்ணின் நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. கோழிக்குஞ்சுகளும் பிரகாசமான வெளிச்சத்தில் வைத்தபோது இதற்குச் சாட்சி சொல்லின. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் வெளியில் கழிக்கும் பாடவேளை ஒன்றைக் கூட்டினார்கள். மூன்று வருஷத்தில், கூட்டாத பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்கு வந்த கிட்டப்பார்வை இப்பள்ளிகளில் 30.4 பேருக்கு வந்தது. தைவான் 2010-ல் தினமும் 120 நிமிஷம் வெளியே என்பதைத் தேசியத் திட்டமாக்கி, பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டிருந்த விகிதத்தைத் திருப்பியது. டில்லிப் பள்ளிகளில் பதினாயிரத்துக்குச் சற்றே குறைந்த பிள்ளைகளைச் சோதித்து 2015-ல் வெளிவந்த ஆராய்ச்சியில் நூற்றுக்கு 13 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. தனியார் பள்ளிகளில் அது மிகுதி, வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடியவர்களிடம் குறைவு. பகல் வெளிச்சத்துக்காகக் கோன் வாதாடி ஒன்றரை நூற்றாண்டாகிறது. அவர் காலத்திலேயே அந்த வழியைத் தொடர்ந்து ஆராய்ந்திருந்தால், பிள்ளையின் மூக்கின்மேல் எந்த வில்லையை வைப்பது என்று இத்தனை காலம் சச்சரவிட்டுக்கொண்டிருக்க நேர்ந்திராது என்பது என் துணிபு.

நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை வெளியே விடுவதா என்று தாய்மார் கேட்பார்கள். வெயிலில் நிற்க வேண்டிய அவசியமில்லை. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் சொன்னால், வகுப்பறைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ். மர நிழலில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு. ஆயிரம் லக்ஸைக் கடந்த மிதமான வெளிச்சமும், நேரம் போதுமானதாயிருந்தால், பயன் தருகிறது என்று தைவான் பள்ளிகளில் நடந்த பரிசோதனையே காட்டியிருக்கிறது. வேம்போ புங்கமோ நிற்கும் பள்ளி வளாகம் போதும். இல்லாத பள்ளிகளில் மழைக்காலத்தில் நடலாம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை நிறுத்தி, முதல் வகுப்பிலிருந்தே தினமும் 40 நிமிஷமாவது பிள்ளைகள் கூரைக்கு வெளியே இருப்பதைக் கால அட்டவணையில் எழுதி வைக்கும்படி பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். அந்த நேரத்தை எந்தப் பரீட்சைக்காகவும் யாரும் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் ஒப்படைக்க வேண்டும்.